ஆட்காட்டி மணலுக்கு இறங்கிய கதை

பறவையும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிவந்த அந்தக் காலத்தில், மழை அருகிய ஒரு நாட்டின் நடுவே செம்பாறு என்றோர் ஆறு ஓடியது. ஓடியது என்பது பேச்சுக்குத்தான். ஆண்டில் பெரும்பகுதி அங்கே மணல்தான் கிடந்தது. மேற்கே, கண்ணுக்கு எட்டாத மலைகளில் மழை பெய்தால் மட்டும் வெள்ளம் வரும். வந்த வேகத்திலேயே வடிந்தும் போகும். அதன் பிறகு மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும். அந்த ஊற்றை நம்பித்தான் மனிதர்கள் அந்த வழியாகப் போய்வந்தார்கள்.

ஆற்றின் வடகரை நெடுகச் செங்குத்தான பாறை. அந்தி வெயில் பட்டால் உலையில் இட்ட இரும்பைப் போலச் சிவந்து நிற்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது வெறும் சுவர். ஆனால் அதன் மடிப்புகளில் ஒரு ஊரே குடியிருந்தது. குகைகளில் வரையாடுகள் இருந்தன. விளிம்புகளில் தேனீக்கள் அடை கட்டியிருந்தன. வெடிப்புகளில் பறவைகள் முட்டையிட்டன. ஆடுகள் தண்ணீருக்கு இறங்க ஒரு தடம் உண்டு. பாறையின் அடியில் கிடந்த பெரிய குண்டுக்கல்லுக்குப் பின்னால் அது தொடங்கியது. கல்லைச் சுற்றி வந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

இத்தனை உயிர்களுக்கும் இடம் கொடுத்த பாறை, பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். மேலே இருந்து கண்டதைக் கீழே சொல்லக் கூடாது. எதை, யாருக்கு, எதற்காக என்ற பேச்சே இல்லை. சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டை அதுவரை ஒருவரும் மீறியதில்லை.

அந்தப் பாறையின் உயரமான வெடிப்பு ஒன்றில் நெட்டைக் கால் பறவை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போது அதற்கு வேறு பெயர். அந்தப் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. மெல்லிய குரலில், யோசித்து யோசித்துப் பேசும் பறவை என்று மட்டும் சொல்வார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நண்பகல் கழிந்த வேளையில் உப்பு வாணிகர் கூட்டம் ஒன்று ஆற்றுக்குள் இறங்கியது. கடற்கரையில் உப்பு வாங்கிக் கழுதைகளின் மேல் பொதியேற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றுகிறவர்கள் அவர்கள். கூட்டத்தை நடத்தி வந்தவன் கூத்தன். அவன் மனைவி சடைச்சி நிறைமாதக் கர்ப்பிணி. பாறையின் நிழல் மணலில் அகலமாக விழுந்திருந்தது. கூத்தன் அங்கேயே பொதியை இறக்கச் சொன்னான்.

சடைச்சி மணலையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கயா தங்கப் போறோம்? அக்கரை மேட்டுக்குப் போயிடலாமே."

"மேட்டுல நிழல் ஏது? கழுதைங்க நாக்கு தள்ளி நிக்குது. நீயும் நடக்க முடியாம நடந்து வர்ற. ராத்திரி இங்க படுத்துட்டு விடியறப்ப கிளம்பிடலாம்."

"மேற்க மழை பெஞ்சா?"

"வானத்தைப் பாரு. ஒரு பொட்டு மேகம் இல்ல."

ஆற்றுக்குள்ளிருந்து பார்த்தால் இல்லைதான். சடைச்சிக்கு மனம் ஒப்பவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். வெடிப்பின் ஓரத்தில் பறவை தெரிந்தது.

"பறவையே, நீ உயரத்துல இருக்க. மேற்க மழை தெரியுதா?"

பறவை மேற்கே திரும்பியது. தொலைவில், மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் வானம் கருத்துத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் மின்னல் ஓடியது. ஈர மண்ணின் வாசம்கூட அதற்கு எட்டியது. பறவை கீழே பார்த்தது. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சடைச்சி பதிலுக்குக் காத்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றது பறவை.

அது சொன்ன முதல் பொய் அது. சடைச்சி அதை நம்பினாள். போய்ப் பானையை எடுத்து அடுப்புக் கூட்டினாள். மற்றவர்களும் கழுதைகளை அவிழ்த்துவிட்டு மணலில் ஊற்றுப் பறித்தார்கள்.

பறவையால் முட்டைகளின் மேல் உட்கார முடியவில்லை. எழுந்தது, திரும்ப உட்கார்ந்தது. பக்கத்துக் குகையில் ஆட்டு மந்தையை நடத்தும் பெட்டை வரையாடு அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. பறவை அதனிடம் போனது.

"வெள்ளம் வருது. கீழ ஆளுங்க இருக்காங்க."

"பாத்தேன்."

"அந்தப் பொம்பள என்கிட்ட கேட்டா. தெரியலன்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க."

"அவ வயித்துல பிள்ள இருக்கு."

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது. "என் வயித்துலயும் இருக்கு. வெள்ளம் வந்தா வடிஞ்சு போயிடும். ஆளு நம்ம வழியைப் பாத்துட்டா திரும்பத் திரும்ப வருவான். யோசிச்சுக்க."

பறவை யோசித்தது. அது யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எல்லாம் கைமீறிப் போனது. அப்போதே கத்தியிருந்தால் அவர்கள் மணலைக் கடந்து அக்கரை மேட்டில் ஏறியிருக்கலாம். பாறையின் வழியைக் காட்ட வேண்டிய தேவையே வந்திராது. ஆனால் செம்பாற்றின் ஆழமான பள்ளம் அக்கரை ஓரமாகத்தான் ஓடியது. வெள்ளத்தின் முதல் நாக்கு அந்தப் பள்ளத்தில் சத்தமில்லாமல் நுழைந்தது. கூட்டத்தில் ஒருவன் பார்த்துச் சொல்வதற்குள் பள்ளம் நிரம்பிவிட்டது. இடுப்பளவு, மார்பளவு என்று ஏறியது. சருகும் முள்ளும் வேரோடு பெயர்ந்த மரங்களும் சுழன்று வந்தன. கூத்தன் ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தான். வெள்ளம் கழுதையை இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் மட்டும் தடுமாறி மணலுக்குத் திரும்பினான்.

முன்னே வெள்ளம், பின்னே பாறை. இடையில் இருந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆட்கள் உப்புப் பொதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் சடைச்சியை ஏற்றினார்கள். அடியில் இருந்த பொதிகள் ஏற்கெனவே கரையத் தொடங்கியிருந்தன. அவள் அழவில்லை. பாறையில் முதுகைச் சாய்த்து மேலே பார்த்தாள்.

பறவை வெடிப்பிலிருந்து பாய்ந்து இறங்கியது.

"கல்லுக்குப் பின்னால வழி இருக்கு. கல்லுக்குப் பின்னால."

வெள்ளத்தின் இரைச்சலில் அதன் மெல்லிய குரல் யாருக்கும் கேட்கவில்லை. பறவை இன்னும் உரக்கச் சொன்னது. பிறகு கத்தியது. தொண்டை கிழிய, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. கடைசியில் கூத்தனின் முகத்துக்கு நேரே சிறகடித்துவிட்டுக் குண்டுக்கல்லின் மேல் போய் உட்கார்ந்தது. அவன் கல்லைச் சுற்றி ஓடிப் பார்த்தான். தடம் தெரிந்தது.

சடைச்சியை முன்னால் விட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து அவர்கள் ஏறினார்கள். திருப்பம் வந்த இடத்தில் எல்லாம் பறவை முன்னே பறந்து நின்று கத்தியது. மிஞ்சிய கழுதைகளில் சில ஏறின, மற்றவை போயின. உப்பு முழுவதும் கரைந்தது. இருட்டுவதற்கு முன்பே ஆட்டுக் குகையில் சடைச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆடுகள் ஒரு மூலையில் ஒண்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. ஆனால் கூத்தன் அவற்றைப் பார்த்தான். எத்தனை இருக்கின்றன, எந்த வழியாக இறங்குகின்றன, எங்கே படுக்கின்றன என்று எல்லாவற்றையும் பார்த்தான். மேலே தொங்கிய தேனடைகளையும் பார்த்தான்.

வெள்ளம் வடிந்ததும் அவர்கள் பறவைக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பறவை கம்மிய குரலில் போய்வரச் சொன்னது. பழைய குரல் அதற்குத் திரும்பவில்லை.

அந்த ஆண்டு கூத்தனின் ஊர் பட்டினி கிடந்தது. உப்பு இல்லை, அதனால் தானியம் இல்லை. பொதி சுமக்கக் கழுதைகளும் இல்லை. கோடை முற்றியபோது ஊர் ஆண்கள் கூத்தனின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் ஈட்டியைத் தீட்டினான். சடைச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிரே நின்றாள்.

"நமக்கு உசுரு குடுத்த எடம் அது. அங்க ஈட்டி தூக்கிட்டுப் போகாதீங்க."

"அதே உசுருக்குத்தான் இப்ப சோறு இல்ல."

"வேற எங்கயாவது பாருங்க."

"வேற எங்க வழி தெரியும் எனக்கு?"

அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு வழிவிட்டு விலகினாள்.

அவர்கள் வலையும் ஈட்டியுமாகக் குண்டுக்கல்லுக்குப் பின்னால் வழிகண்டு ஏறினார்கள். உச்சி வெயில் நேரம். ஆடுகள் குகைக்குள் படுத்திருந்தன. முன்பு வந்த ஆட்கள் அவற்றைத் தொடாமல் போனதால், காலடிச் சத்தம் கேட்டும் அவை எழுந்திருக்கவே இல்லை. பறவை இரை தேடப் போயிருந்தது. திரும்பி வந்தபோது பாறையின் நிறம் தெரியாதபடி இரத்தம் வழிந்திருந்தது. தேனடைகளைப் புகை போட்டு அறுத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் வெடிப்புக்குள் கையை விட்டு, அந்த ஆண்டு இட்ட முட்டைகளையும் எடுத்துப் போயிருந்தான்.

சாயங்காலம் பாறை பேசியது. பாறை பேசுவது அபூர்வம். பேசினால் எல்லா உயிர்களும் ஒடுங்கி நின்று கேட்கும்.

"இனி இங்க உனக்கு எடம் இல்ல."

பறவை கேட்டது: "அந்தப் பொம்பளைய நான் சாக விட்டிருக்கணுமா?"

"அப்படி நான் சொல்லல."

"பின்ன நான் செஞ்சது தப்பா?"

"அதையும் நான் சொல்லல. வழி தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை இனி யாராலயும் மறைக்க முடியாது. இந்தப் பாறையில மட்டும் இல்ல, எந்தப் பாறையிலயும் எந்த மரத்துலயும் நீ இனி கூடு வைக்காத. உசரத்துல இருந்து பாக்குறவங்களுக்கு வாய் அடங்கணும். உனக்கு அடங்கல. கீழயே இரு."

பறவை மணலில் இறங்கியது. ஆற்றுக்குள், ஒரு புல்கூட மறைக்காத வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே நின்றது. மிஞ்சிய ஆடுகள் தடத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தன. மேற்கே, குளிரும் மூடுபனியும் உள்ள மலைகளுக்கு அவை கிளம்பிவிட்டன. அந்தப் பெட்டை வரையாடும் அவற்றோடு வந்தது. அதன் விலாவில் ஈட்டி கீறிய காயம் இருந்தது. குட்டி அதோடு இல்லை.

பறவை அதன் முன்னால் போய் நின்றது. மன்னிப்புக் கேட்கலாமா என்று அதற்குத் தெரியவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

ஆடு அதைக் கோபமாகப் பார்க்கவில்லை. களைத்துப் போயிருந்தது.

"அன்னிக்கு நீ ஆளுக்கு வழியைக் காட்டின. இனிமே வழியில வர்ற ஆளைக் காட்டு. இங்க மிஞ்சி இருக்குற உயிருங்களுக்கு அது போதும்."

"எந்த ஆளை?"

"எந்த ஆளையும். நல்லவன் கெட்டவன்னு நீ யோசிக்கத் தொடங்கினா நேரம் போயிடும். உனக்குத் தெரியாததா?"

ஆடுகள் போய்விட்டன. பறவை மணலைக் காலால் கீறி ஒரு சிறு குழி செய்தது. அதில் முட்டையிட்டது. முன்பு வெண்மையாக இருந்த முட்டைகள், மணலின் நிறமும் கூழாங்கல்லின் புள்ளியும் கொண்டு வெளிவந்தன. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. பாறை அந்த அளவுக்கு இரங்கியது என்று சிலர் சொல்வார்கள். இல்லை, மணல் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது என்பார் சிலர்.

ஆட்கள் ஆற்றுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் பறவை எழும்பிக் கத்தியது. புதரில் இருந்த முயல் காதைத் தூக்கியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான் தலையைத் தூக்கியது. வேடர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். "ஆளைக் காட்டிக் கொடுக்குற பறவை" என்று திட்டினார்கள். அந்த வசையே பின்னாளில் அதற்குப் பெயராக நின்றது. நாள்பட, கத்திக் கத்தியே மற்றச் சொற்களை அது மறந்தும் போனது.

அடுத்த கோடையில் சடைச்சி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பானை. ஊற்றுப் பறிக்க வந்தவள் அவள். கையில் ஈட்டி இல்லை, உடன் ஆளும் இல்லை. அவள் மணலில் இறங்குவதைப் பறவை பார்த்தது. யாரென்று அதற்குத் தெரிந்தது. ஆனாலும் எழும்பிப் போய் அவள் தலைக்கு மேலே சுற்றிக் கத்தியது. ஊற்றின் ஓரத்தில் நின்ற விலங்குகள் ஓடி மறைந்தன.

சடைச்சி நின்றாள். குழந்தை பயந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பயப்படாத. நம்மளைப் பாத்துத்தான் கத்துது" என்றாள் அவள். "கத்தட்டும்."

பிறகு அவள் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, முட்டைகள் இருக்கக்கூடிய இடத்தை விலக்கி நடந்து, தண்ணீர் மொண்டுகொண்டு வந்த வழியே போனாள். அவள் கரையேறும்வரை பறவை கத்தியது.

அந்தக் கோடையிலிருந்துதான் ஆட்காட்டி மரத்தில் அடையாமல், மறைவு தேடாமல் வெறும் மண்ணில் முட்டையிடுகிறது. மனித வாடை பட்ட உடனே, வருவது யார் என்று பாராமல் எழும்பிக் கத்துகிறது.