பொன்னலகி வீட்டுப் பழம்

மலைகளுக்கெல்லாம் யாரும் பேர் வைக்காத காலத்திலே, உயரமான ஒரு வேங்கை மரத்துப் பொந்தில் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தது.

குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால், பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை பழங்களை விழுங்கி வந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும்.

"எங்க வீட்டுக்காரர் தொண்டையில் பதமான பழம்தான் பழம். வெளியே தின்பதெல்லாம் வீடு வாசல் இல்லாதவர்கள் வேலை" என்று பொன்னலகி பெருமை பேசும். பன்னிரண்டு வருஷமாக அதே பேச்சு.

ஒருநாள் மழைக்காற்றில் கணவன் கருஞ்சிறகனுக்குச் சிறகு பிசகிவிட்டது. பறக்க முடியாமல் கீழே ஒரு மரக்கிளையில் ஒடுங்கி உட்கார்ந்தது. பொந்துக்குள் குஞ்சு பசியில் கத்தியது.

பலாமரத்தடியில் எல்லாருக்கும் பந்தி போடும் குரங்கு, ஒரு சுளையோடு வந்தது.

"இந்தா தாயே, பிடி. பசிக்கு வீடு ஏது, வெளி ஏது?"

"பந்திச் சாப்பாடு எங்கள் குலத்துக்கு ஆகாது."

"குலத்தை ஊறுகாய் போட்டுக் குஞ்சுக்கு ஊட்டப்போகிறாயா?"

பொன்னலகி அலகை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாளும் குரங்கு வந்து நியாயம் பேசியது. அலகு வெளியே வரவே இல்லை. குஞ்சின் கத்தல் முனகலாகிவிட்டது.

மூன்றாம் நாள் செம்பன் என்ற மலை அணில், வாய் நிறைய நாவல் பழத்தோடு ஏறி வந்தது. பழங்களை இடுக்கின் ஓரத்தில் வைத்தது.

"அக்கா, உங்க வீட்டுச் சாமான். கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

"எங்க வீட்டுச் சாமானா?"

"முதல் குஞ்சு பொரித்த வருஷம் இந்த இடுக்கு வழியாக நாவல் கொட்டை துப்பினீர்களே, அது முளைத்து மரமாகி இப்போதுதான் பழுத்திருக்கிறது. அத்தான் தொண்டையில் ஊறின விதை அக்கா."

பொன்னலகி கீழ்நோக்கிக் குரல் கொடுத்தது. "ஏங்க, நிஜமா?"

"நிஜம்தான். அந்த மரத்துக் கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றது கருஞ்சிறகன்.

அலகு வெளியே நீண்டது. குஞ்சு ஒன்று தின்றது, இரண்டு தின்றது, பிறகு பழையபடி கத்த ஆரம்பித்தது.

"பார்த்தாயா செம்பா? நான் எப்போதும் சொல்வதுதானே. நம் வீட்டுப் பழத்துக்கு ஈடு உண்டா?" என்றது பொன்னலகி. கொஞ்சம் யோசித்து, "அந்தக் குரங்கையும் சுளை கொண்டுவரச் சொல். அந்தப் பலாவும் எங்கள் ஆட்கள் துப்பின விதையாகத்தான் இருக்கும்" என்றது.

கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த குரங்கு அணிலை அண்ணாந்து பார்த்தது. "ரெண்டு நாள் தொண்டை வற்றப் பேசினேனே, செம்பா."

"நீ தலை குனிந்து தின்னச் சொன்னாய் அண்ணே. நான் நிமிர்ந்து தின்னச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அணில் கிளைக்குக் கிளை தாவிப் போய்விட்டது.

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டே சுளை எடுத்துவர நடந்தது.

தோற்றுப்போனாய் என்றால் யாரும் கொள்கையை மாற்றிக்கொள்ளமாட்டார்கள். பெருமை குலையாமல் மாற ஒரு வழி விட்டால் தாமாகவே மாறிக்கொள்வார்கள்.