ரப்பர்த் தேன்

குரு நபீசாவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் கங்காதரனுக்கு ஐம்பது நெருங்குகிறது. சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மார்த்தாண்டத்துத் தேன் ஆய்வகத்துக்குப் பாடம் கற்க வந்தவர். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

பங்குனி மாதம். காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெபமணி உள்ளே வந்தாள். ரப்பர்த் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பவள். கொண்டுவந்த தேன் டின்னை மேஜைமேல் டம்மென்று வைத்தாள். மூடியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

“எனக்க தேன்ல சீனிப்பாகுன்னு சொன்னது ஆரு?”

“நான்தான்,” என்றார் கங்காதரன்.

“தேன் சங்கத்துல எல்லாரும் பாக்க டின்னைத் தூக்கி வெளிய வச்சிட்டாவ. இனி எனக்க தேனை எடுக்க மாட்டாவளாம். கள்ளின்னு பேரு வாங்கவா நான் பெட்டி வச்சேன்?”

நபீசா சீடரைப் பார்த்தார். “அறிக்கையில நான் கையெழுத்தே போடலையே சார்?”

“சங்கத்துக்குப் போன்ல சொல்லிட்டேன் மேடம். கலப்படம் பண்றவங்களுக்கு என்ன மரியாதை?”

அந்தத் திமிரை என்னவென்று சொல்ல! அதோடும் விட்டாரா?

“வேப்பந்தேன், புளியந்தேன், முருங்கைத்தேன் எல்லாம் சோதிச்சாச்சு. பூவுக்குப் பூ அமினோ அமிலம் கூடும், குறையும். மகரந்தத்தோட வந்து சேர்றது அது. இந்தம்மா தேன்ல பாதி அமிலங்கள் பேருக்குக்கூட இல்ல. மகரந்தமும் இல்ல. பூவைத் தொடாம தேன் எங்கிருந்து வரும்? சீனி மூட்டையிலிருந்துதான் வரும்.”

“வோய், வாயை அடக்கிப் பேசும்!”

நபீசா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். ஆய்வகத்துக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டம். பழைய இலையெல்லாம் கொட்டி, செம்புநிறத் தளிர் விட்டிருந்தது. தேனீ இரைச்சலில் காது அடைத்தது.

“தேனீ மொய்க்கிற பூவை எனக்குக் காட்டுங்க சார். காட்டினா இங்கேயே கையெழுத்துப் போடறேன்.”

கங்காதரன் விறுவிறுவென்று போனார். மரம் மரமாக அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்ததுதான் மிச்சம். சட்டை நனைந்து, முகம் கடுகடுவென்று திரும்பி வந்தார்.

“எல்லாம் தளிர்க் காம்புலதான் போய் உட்காருது.”

நபீசா ஒரு கிளையை வளைத்தார். ஒரே காம்பில் மூன்று இலையும் சேரும் இடத்தில் ஒரு துளி பளபளத்தது. கங்காதரன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தித்தித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“இந்தம்மாவுக்கு?”

“இங்க ரப்பர்ப் பால் வெட்டுற எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒரு மனுசனை இப்படியா அவமானப்படுத்துறது?”

“அவமானமா?” ஜெபமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம்தான் இருந்தது. “எனக்க டின்னு தெருவுல கிடந்தப்ப அதுக்குப் பேரு என்ன வோய்?”

நபீசாவின் குரலும் இப்போது ஏறிவிட்டது.

“போன் போடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டீங்களா? சரி, அத விடுங்க. இந்தத் தேன்ல புரோலின் அமிலம் எவ்வளவு இருந்தது?”

“நிறைய.”

“அந்த அமிலம் எங்கிருந்து வருது?”

“பெரும்பாலும் தேனீயோட உடம்பிலிருந்து.”

“பாகு கலந்தா அது கூடுமா, குறையுமா?”

“குறையும்.”

“சங்கத்துல அதைச் சொன்னீங்களா?”

கங்காதரன் தரையைப் பார்த்தார். “மத்ததோட ஒத்துவரல. விட்டுட்டேன்.”

“ஒத்துவரலைன்னு விட்டாராம்,” என்றாள் ஜெபமணி. “எனக்க பொழப்பையும் சேத்து விட்டாரு.”

கங்காதரன் சட்டைப் பையில் கைவிட்டார்.

“தப்புதான் மேடம். இப்பவே சங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்.”

“போனை உள்ள வைங்க கங்காதரன்.” பேச்சிலிருந்து ‘சார்’ போய்விட்டிருந்தது. “டின் மேஜைமேல இருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு, சங்கம் வரைக்கும் இவங்க பின்னால நடங்க.”