மூணு மூட்டையும் ஒரு வண்டியும்

ஒரு ஊர்ல, ஒரே ஒரு ஊர்ல, வெயிலாட்சின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல. ஒரே மக சந்தனம், அவளையும் மலையடிவாரத்துல கட்டிக் குடுத்துட்டா. அங்க போகணும்னா மாட்டு வண்டியில ஆறு நாளு ஆகும். ஆமாண்டா, ஆறு நாளு, கேட்டுக்கிட்டே வா.

ஒரு நாளு அந்தப் பக்கத்துலேருந்து வந்த ஒரு வளையக்காரன் சேதி சொன்னான். "ஆத்தா, உம் மகளுக்கு மாசம் நெறைஞ்சு கெடக்கு. மாமியாக்காரி போன மாசம் தவறிட்டா. வீட்ல பொம்பளத் தொணை இல்ல. நீ வருவியா வருவியான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது புள்ள."

வெயிலாட்சி ஒடனே வண்டி தேடிப் போனா. ஊர்லயே ஒரே ஒரு வண்டிதான் இருந்துது, அது கொம்பையாவோடது. கொம்பையா ஆளு நல்ல தாட்டியா இருப்பான், வாயும் பெருசு, வயிறும் பெருசு. அவனுக்கும் அந்தப் பக்கம் மாட்டுச் சந்தையில வேல இருந்துது. "ஏறிக்கிடுங்கக்கா, ஆனா உங்க சாப்பாடு உங்க பாடு"ன்னான்.

அவளும் சரின்னுட்டு மூட்ட கட்ட ஒக்காந்தா. எப்படிக் கட்டுனா தெரியுமா? மொத நாளுக்கு, கொழைய வடிச்ச சோத்துல காய்ச்சுன பால விட்டுப் பெசைஞ்சு, ஒரே ஒரு கரண்டி தயிர மேல விட்டு மண்கலயத்துல வச்சு மொத மூட்டையாக் கட்டுனா. வண்டி போகப் போக அதுவே தயிர்ச்சோறாயிரும், புளிக்காது. ரெண்டாம் மூட்டையில, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டுன புளிச்சோறும், பொடி தடவுன இட்டிலியும் வச்சு, வாழையெலைய அனல்ல வாட்டிப் பொதிஞ்சா. அது மூணாம் நாளு காலம்பற வரைக்கும் தாங்கும். மூணாம் மூட்டையில கம்பையும் உளுந்தையும் பொரிகடலையையும் தனித்தனியா வறுத்து, சுக்கத் தட்டிப் போட்டுத் திரிச்ச மாவு, கூடவே ஒரு வட்டு கருப்பட்டி. அது மாசக்கணக்குல கெடந்தாலும் கெடாது. தண்ணியில கரைச்சா கஞ்சி, உருட்டுனா உருண்டை. அவ்வளவுதான்.

வண்டி பொறப்படுறப்ப ஊரே கூடி நிக்குது. கொம்பையா அவ மூட்டையப் பாத்துட்டு எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னான், "என்னக்கா, பொங்கத் தெரியாத வீட்லேருந்து வாற மாதிரி மாவக் கட்டிட்டு வாறீக? எங்க வீட்ல பாருங்க, தேங்காச்சோறு, அவியலு, பால்கொழுக்கட்ட. அது தீந்தா வழியில ஊரா இல்ல, சத்திரமா இல்ல?"

ஊரு சிரிச்சுது. அவ ஏறி ஒக்காந்துட்டா.

மொத நாளு உச்சியில ஒரு வேப்பமரத்தடியில வண்டிய அவுத்தாங்க. அவ, "ஒரு வாயி தயிர்ச்சோறு சாப்பிடு தம்பி"ன்னா. அவன், "நமக்கு இதெல்லாம் எறங்காதுக்கா"ன்னுட்டுத் தேங்காச்சோத்த வளைச்சு வளைச்சுத் தின்னான். சாயங்காலம் தூக்குச் சட்டியத் தொறக்குறான், ஒரே வீச்சம். தேங்கா நூலு விட்டுருச்சு, அவியலு நொரைச்சுருச்சு, பால்கொழுக்கட்ட பக்கமே போக முடியல. அம்புட்டையும் ஓடையில கொட்டுனான். வழியில ஊரு வந்துது, ஆனா மழையில்லாம சனமெல்லாம் பொழைக்கப் போயிட்டாக. சத்திரம் வந்துது, அதுவும் பூட்டிக் கெடந்துது.

இப்பப் பசிக்குதுல்ல? பசிச்சா கேக்கணும்ல? கேக்க மாட்டேங்குறான். எப்படிக் கேப்பான்? ஊரு முன்னாடி சிரிச்சவனாச்சே.

மறுநா காலம்பற அவ மொகம் கழுவப் போயிருந்தா. திரும்பி வந்து பாத்தா புளிச்சோத்துல பாதியக் காணல. "ஏந்தம்பி, என் மூட்டையில கை வச்சியா?"ன்னு கேட்டா. "இல்லக்கா, ஒரு கொரங்கு வந்துது"ன்னான். சரின்னுட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் அவ சுள்ளி பொறக்கப் போனா. வந்து பாத்தா இட்டிலியில ஒண்ணு கூட இல்ல. "ஏந்தம்பி, என் மூட்டையில கை வச்சியா?" "இல்லக்கா, காக்காக் கூட்டம் வந்துது." அவ அவன் மீசையப் பாத்தா. மீசையில மொளகாப் பொடி ஒட்டிட்டு இருந்துது. அவ மிச்சம் இருந்த புளிச்சோத்தத் தின்னுட்டுப் படுத்துட்டா.

மூணாம் நாளு உச்சியில அவ கெணத்துல தண்ணி எறைக்கப் போனா. இவன் பாத்தான், மூணாம் மூட்டைய அவுத்தான், மாவ அப்படியே கை நெறைய அள்ளி அள்ளி வாயில அடைச்சான். கரைக்கணும்னு அவனுக்கு எங்க தெரியும்? மாவு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, உள்ளயும் போகல, வெளியயும் வரல. அந்த நேரம் பாத்து அவ தண்ணிக் கொடத்தோட வந்து நிக்குறா.

"ஏந்தம்பி, என் மூட்டையில கை வச்சியா?"

அவன் "இல்ல"ன்னு சொல்ல வாயத் தொறந்தான். "இ"ன்னதும் மாவு புஸ்ஸுன்னு பறந்து அவன் மீசை, மூக்கு, மாட்டுக் கொம்பு வரைக்கும் வெள்ளையாப் போச்சு. அதோட பொரையேறி, கண்ணு பிதுங்கி, கழுத்தப் புடிச்சிட்டு உருளுறான். வெயிலாட்சி கொடத்த வச்சிட்டு ஓடி, முதுகுல ஓங்கி ஓங்கித் தட்டி, வாயில வெரல விட்டு மாவ வழிச்சு எறிஞ்சு, கொஞ்சங்கொஞ்சமாத் தண்ணி ஊத்துனா. பொறவுதான் மூச்சு வந்துது.

அப்புறம் அவ கேட்டா, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தம்பி?"

"சிரிச்ச வாயால எப்படிக்கா கேக்குறது?"

"அப்ப அந்தக் கொரங்கும் காக்காயும்?"

"நாந்தான்க்கா."

அவ மூட்டையத் தூக்கிப் பாத்தா. பாதி லேசாயிருச்சு. மகள நெனச்சா, கண்ணு கலங்கிருச்சு. தொடச்சிட்டுச் சொன்னா, "இருக்குறது ரெண்டு நாளு மாவு. இருக்குற வழி மூணு நாளு. மாடு உன் கனத்த இழுத்தே நொந்து போச்சு. நீ எறங்கி நட. வண்டி லேசானா வெரசாப் போகும். கயித்த நான் புடிக்கேன்."

அவன் எறங்குனான்.

அவ வண்டிய ஓட்ட, இவன் பின்னால நடக்குறான், ஓடுறான், நடக்குறான். வேளைக்கு ஒரு கொட்டாங்கச்சி கஞ்சி. அவளுக்கும் அதே அளவுதான், ஒரு சொட்டுக் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. உள்ளங்காலு கொப்புளிச்சுது, வேட்டி இடுப்புல நிக்கல. அஞ்சாம் நாளு வெயிலு ஏறையில மலையடிவாரம் வந்துட்டாங்க. ஒரு நாளு முந்திட்டாங்க பாத்தியா.

வாசல்லயே சந்தனத்தோட முனகல் கேட்டுது. வலி எடுத்திருச்சு. வெயிலாட்சி வண்டியிலேருந்து குதிச்சு உள்ள ஓடி, "நான் வந்துட்டேன் தாயி"ன்னு மக கையப் புடிச்சா. அந்தப் புள்ள அம்மா மடியில மொகத்த வச்சு ஒரு மூச்சு அழுதுது. உச்சிப் பொழுதுக்குள்ள பொம்பளப் புள்ள, கருகருன்னு தலமுடியோட பொறந்துது. அந்த ஒரு நாளு பிந்தியிருந்தா? வேண்டாம், அத நாம நெனைக்க வேண்டாம்.

அன்னிக்கு மருமகன் வாசல்ல எல போட்டான். கொம்பையா போட்டதத் தின்னு முடிச்சான். அப்புறம் எலையப் பாத்துக்கிட்டே மெதுவாக் கேட்டான், "எனக்கு இன்னும் பசிக்குது. கொஞ்சம் சோறு போடுங்க." மருமகன் சட்டியோட கொண்டாந்து வச்சான்.

ரெண்டு நாளு கழிச்சு, சந்தை வேல முடிஞ்சு கொம்பையா ஊருக்குத் திரும்புறப்ப, வெயிலாட்சி அடுப்பக் காட்டி, "வறு"ன்னா. கண்ணு எரிய எரிய அவனே கம்ப வறுத்தான், அவனே திரிச்சான், அவனே கட்டிக்கிட்டான்.

அதனாலதான் சொல்றது, தூர வழி போனா கெடாததக் கட்டு, கொஞ்சம் கூடவே கட்டு. இல்லாட்டி கூச்சப்படாமக் கேளு. அங்க அந்தப் பச்சப் புள்ள சொகம், இங்க நீங்க சொகம். போங்க, வாயக் கொப்புளிச்சிட்டு வந்து படுங்க.