கம்பளி போர்த்திய கண்ணாடிக் குடில்

“சாமி, என் பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்,” என்றாள் கமலவேணி, ஓடைக்குத் தண்ணீர் பிடிக்கப் போன மகள் திரும்புவதற்குள்.

“என்ன வார்த்தை?”

“போகாதேன்னு.”

சாமி ஒரு பழைய ஜன்னல் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாமி என்றதும் தாடி, சடை, புலித்தோல் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது வயதுகூட நிறையாத ஆள். தலையில் குரங்குக் குல்லா, காலில் ரப்பர் பூட்ஸ். ஊட்டிக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் சரிவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் மடம். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர், தன் குருவைப் பார்க்க ஒரு நாள் லீவு போட்டு ஏறி வந்தார். இன்னும் இறங்கிப் போகவில்லை.

கமலவேணிக்கு ஐம்பத்து நாலு வயது. ஆறு வருஷமாய் இந்தச் சாமியிடம்தான் உபதேசம் கேட்கிறாள். அவரோ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திண்டாடித்தான் போவார்கள்.

“ரேணுகாவுக்குக் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்குங்க. சேலைக்கு டிசைன் வரையற வேலை. மார்ச் ஒண்ணாம் தேதி சேரணுமாம். ஹாஸ்டல்ல தங்கணுமாம்.”

“நல்லா வரையுமே அந்தப் பொண்ணு.”

“வரைவா. வலிப்பு வந்தா யாரு பாப்பா?”

சாமி துடைப்பதை நிறுத்தினார்.

ரேணுகாவுக்கு முதல் வலிப்பு ஏழு வயதில் வந்தது. இப்போது இருபத்து மூன்று. தகப்பன் இல்லாத வீடு. இந்தப் பதினாறு வருஷமும் கமலவேணி முழுத்தூக்கம் தூங்கியதில்லை. படுக்கும்போது தன் முந்தானை நுனியை மகளின் மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள். கை உதறினால் தெரிய வேண்டுமே. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே போட்டுவிட்டாள்.

மாத்திரை நன்றாகக் கேட்கிறது. கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டாக்டரே தாராளமாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். சொல்வார், அவருக்கென்ன, பெற்றாரா வளர்த்தாரா!

“நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா சாமி. நீங்க சொன்னா கேப்பா.”

“சரிக்கா, சொல்றேன்.”

கமலவேணிக்கு நம்ப முடியவில்லை. “நிஜமாவா?”

“நிஜமா. ஆனா இப்ப இல்ல. வைகாசி குருபூசைக்கு நம்ம கையால வளத்த பூவை வெக்கணும்னு எனக்கு ஆசை. ஆஸ்டர் விதை வாங்கி வெச்சிருக்கேன். நாத்து நடற பக்குவத்துக்கு வந்த அன்னிக்கு ரேணுகாவைக் கூப்பிடுவோம். நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ, அதை அப்படியே சொல்றேன்.”

“மார்கழிப் பனியில விதை போடறதா? முளைக்குமா என்ன?”

“அதுக்குத்தான் குடில் கட்டப்போறோம். இந்தச் சட்டத்துல அந்தப் பக்கம் பிடிங்க.”

*

எட்டு ஜன்னல்கள். எங்கோ இடித்த ஒரு பழைய பங்களாவிலிருந்து வந்தவை.

கிழக்கே பார்த்த மேட்டில் நான்கு நாள் வேலை. ரேணுகாவும் கூடவே வந்தாள். அவளைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு அம்மா எங்கும் போவதில்லை. கண்ணாடி இடுக்கெல்லாம் அவள்தான் மக்குப் பசை பூசி அடைத்தாள்.

கட்டி முடித்தபோது அது பெரிய கோழிக்கூண்டு அளவில் நின்றது. உள்ளே குனிந்து போகலாம், நிமிர முடியாது. ஆனால் மதிய வெயிலில் கையை நீட்டினால் உள்ளே இதமாக இருந்தது. வெளியே பல் கிட்டியது.

மக்கிய இலையும் மணலும் சலித்து நாலு தட்டுகளில் நிரப்பினார்கள். விதை உடைத்த சீரகம் மாதிரி இருந்தது. கமலவேணி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தூவினால் போதும் என்றார் சாமி. அவள் கேட்டால்தானே.

“பொழுது சாயும்போது மேல போத்தணும். விடிஞ்சு வெயில் விழுந்ததும் எடுக்கணும். அவ்வளவுதான்க்கா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இனி உங்க பொறுப்பு.”

மூடுவதற்குச் சாக்கு கொடுத்திருந்தார். சாக்கு எந்த மூலைக்குக் காணும்? கமலவேணி தன் கட்டிலில் இருந்த கம்பளியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் போர்த்தினாள். மறுநாள் காலை எடுக்கத்தான் வந்தாள். கண்ணாடியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்,” என்றாள்.

பத்து மணிக்குப் பார்த்தாள். வெயில் வந்திருந்தது. காற்றும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். மத்தியானம் மேகம் வந்தது. சரி, இனிமேல் எடுத்து என்ன, சாயங்காலம் திரும்பப் போர்த்தத்தானே போகிறோம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

சாமி தினமும் தண்ணீர்க்குடத்தோடு அந்த வழியாகப் போனார். கம்பளியைப் பார்த்தார். போனார்.

*

பன்னிரண்டாம் நாள் கமலவேணி கம்பளியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டாள்.

“சாமீ! வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு!”

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீடு தோற்றது, போங்கள்.

அதன்பிறகு நாற்று மளமளவென்று உயர்ந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“ஒரே வாரத்துல விரல் நீளம் வந்திருக்கு. பாத்தீங்களா?”

சாமி குனிந்து பார்த்தார். “உயரமாத்தான் இருக்கு,” என்றார்.

ஜனவரி பிறந்து நாலைந்து நாள் கழித்து, ஒரு காலையில் ஓரத்தைத் தூக்கினால், அத்தனையும் படுத்துக் கிடந்தது. நாலு தட்டும்.

கமலவேணி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ரேணுகாதான் கம்பளியை முழுசாக விலக்கினாள். ஒரு நாற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தண்டு வெள்ளை நூலாக இருந்தது. நுனியில் மஞ்சளாய் இரண்டு இலை.

“பாவம்மா,” என்றாள். “வெளிச்சம் எங்க இருக்குன்னு எம்பி எம்பிப் பாத்திருக்கு.”

அவள் நாற்றைப் பற்றித்தான் சொன்னாள். எதையோ மனசில் வைத்துக்கொண்டு குத்திப் பேசுகிற பெண் இல்லை அது. தண்ணீர் பிடிக்கிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டாள்.

கமலவேணிக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. கைக்கு எட்டினவர் சாமி.

“தினம் இந்த வழியாத்தானே போனீங்க! கம்பளி கிடக்கறதைப் பாத்தீங்கல்ல? எடுத்துப் போடக்கூடாதா?”

“எடுத்துப் போட்டிருந்தா?”

“போட்டிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

“திரும்பப் போத்தியிருப்பீங்க,” என்றார் சாமி.

அவள் ஈரப்புல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதாள். சாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் வயித்தெரிச்சல்தான்க்கா. இது வெளுத்துக்கிட்டு வர்றதைப் பாத்து ரெண்டு நாளா சோறு இறங்கல.”

“நல்லதுதானே நெனச்சேன் சாமி. குளிருமேன்னுதானே போத்தினேன்.”

“ஆமாக்கா. தெரியும்.”

அவர் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு விதைப் பாக்கெட்டை எடுத்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“முன்னாடியே ரெண்டா வாங்கி வெச்சிருந்தீங்களா?”

“உங்களை எனக்குத் தெரியாதா?”

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

*

பொங்கலன்று மறுபடி விதைத்தாள். இந்தத் தடவை தூவினாள்.

விடிந்து முதல் வெயில் மேட்டில் விழுந்ததும் கம்பளியை உருவினாள். உருவிய கம்பளியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு குடிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். சாமி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

“அது பாட்டுக்கு இருக்கும்க்கா. நீங்க போய் உட்காருங்க.”

“நிக்கறேன். என் கால்தானே?”

நாற்று இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தது. குட்டையாக, தடியாக, கரும்பச்சையாக இருந்தது. போன தடவை உயரத்தைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவள் இப்போது ஒன்றும் பேசாமல் இலைகளை மட்டும் எண்ணினாள். இரண்டு, நான்கு, ஆறு.

பிப்ரவரி நடுவில் சாமி வந்து சொன்னார்.

“நாளையில இருந்து தட்டை வெளியில வெக்கணும். முதல் நாள் அரைமணி. அப்புறம் ஒரு மணி. பத்தாம் நாள் ராத்திரியும் வெளியிலதான்.”

“ராத்திரியுமா? உறைபனி விழுமே!”

“விழும்.”

“கருகிட்டா?”

“கருகலாம்.”

“கருகாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“தெரியாததை எப்படிக்கா சொல்றது? ஒண்ணு தெரியும். உள்ளேயே இருந்தது ஒரே நாள்ல வெளியில வந்தா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா வந்தா பெரும்பாலும் தாங்கும்.”

கமலவேணி தட்டின் ஓரத்து மண்ணை விரலால் அமுக்கிவிட்டாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

“வலிப்பு வந்தா, சாமி?”

“வரலாம்.”

“அப்ப?”

“பக்கத்துல இருக்கறவங்க பாப்பாங்க. யாரும் இல்லாத நேரத்துலயும் வரலாம். அதையும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.”

அந்த நிமிஷம் அவளுக்குச் சாமியைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஆறு வருஷ உபதேசத்தில் அவள் முழுசாக நம்பியதும் அந்த ஒரு பேச்சைத்தான்.

*

பத்தாம் நாள் சாயங்காலம் நாலு தட்டுகளையும் புல்லின் மேல் வரிசையாக வைத்தாள். கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டு மகளோடு வீட்டுக்கு நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஏழு தடவை திரும்பிப் பார்த்தாள்.

காலையில் சரிவெல்லாம் வெள்ளையாக இருந்தது. புல் மேல் மிதித்தால் நறநறவென்றது. கடைசி ஏற்றத்தில் கமலவேணி ஓடினாள். ஐம்பத்து நாலு வயதில், அந்த மேட்டில்.

நாற்று நின்றுகொண்டிருந்தது. இலை விளிம்பு கொஞ்சம் சிவந்து, விறைப்பாக நின்றது.

எல்லாம் இல்லை. நடுநடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினொன்று கருகியிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாத்தையும் ஒண்ணாத்தானே பாத்துக்கிட்டேன். இது மட்டும் ஏன் சாமி போச்சு?”

“தெரியலக்கா.”

அந்தப் பதினொன்றுக்காகக் கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்தாள். வெயில் ஏறி வெள்ளை கரைந்ததும் மற்றதுக்கெல்லாம் மறுகையால் தண்ணீர் தெளித்தாள்.

சாமி பொறுமையாக இருந்தார். அவள் வாளியைக் கீழே வைத்ததும் சொன்னார்.

“பக்குவம் வந்தாச்சுக்கா. இன்னிக்கே நட்டுடலாம். நான் குடுத்த வாக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. ரேணுகாவைக் கூப்பிடுங்க.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பாத்தி கொத்திக்கொண்டிருந்தவள் காதில் விழுந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா என்ன கேட்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? முகம் ஏற்கெனவே வாடியிருந்தது. இன்னும் மூன்று நாளில் மார்ச் ஒன்று.

“சொல்லுங்க சாமி,” என்றாள். “நீங்க சொன்னா கேக்கறேன்.”

சாமி தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார். கமலவேணி பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்லணும்க்கா?”

கமலவேணி வாயைத் திறந்தாள். இரண்டு மாதமாக நெஞ்சில் தயாராக இருந்த வார்த்தை அது. வரவில்லை. உள்ளங்கையில் இருந்த கருகிய நாற்றுகளை ஒரு தடவை பார்த்தாள். தட்டில் நின்றதையும் பார்த்தாள். பிறகு சாமியை விட்டுவிட்டு நேராக மகளிடம் கேட்டாள்.

“ஏங்கண்ணு, கோயம்புத்தூர்ல வெயில் நல்லா அடிக்குமாமே?”