கல்லில் ஏறாதவள்

தெற்கே பஸ் மாறுகிற ஊர் ஒன்றில் ஒரு மடம். மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. ஒன்றே ஒன்றுதான். வாசலில் ஒரு கல் கிடக்கும். அதில் ஏறி நின்று, "ஓர் உயிரையும் கொன்றதில்லை, கொல்லேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் இலை. மடத்தைக் கட்டியவர் வைத்த விதி.

அதைக் கேட்டு உள்ளே விடுகிற வேலை சிவக்கொழுந்துக்கு. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு காவி கட்டியவர். அவருடைய குரு பொன்னையா சாமி அவரைவிட வயதில் இளையவர். அதில் சிவக்கொழுந்துக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கூச்சம் வந்தது வேறொன்றில்.

அன்றைக்குப் பந்தி முடிந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனார். சாமி அண்டாவைச் சாய்த்து வைத்துக் காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஆளுக்கு ஆள் வளைஞ்சா அது விதியே இல்லையே?"

"என்ன நடந்தது? அதச் சொல்லும்."

சிவக்கொழுந்து சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

ஒரு பெண் வந்தாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. முகத்தில் ரத்தமே இல்லை. கல் பக்கத்தில் வந்து நின்றாள், ஏறவில்லை.

"ஏறிச் சொல்லும்மா. பின்னால ஆள் நிக்காங்க."

"அந்த முத வார்த்தைய விட்டுட்டுச் சொல்லலாமா?"

"எது, கொன்றதில்லையா? அது எப்படி விடுறது? சும்மா சொல்லிட்டு உள்ள போம்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

"எனக்கு வாய் வரல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிவக்கொழுந்துக்குச் சுருக்கென்றது. குரலை உயர்த்தினார்.

"அப்படி என்னத்தக் கொன்னே?"

அவள் அவரைப் பார்த்தாள். "வயித்துல இருந்தத. போன வாரம்."

வரிசை அடங்கிப்போனது. சிவக்கொழுந்துக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது வாய்க்கு வருவது ஆபீஸ் பேச்சு.

"காரணம் என்ன?"

"காரணம் சொன்னா உள்ள விடுவீங்களா?"

"சொல்லு, பாப்போம்."

"எந்தக் காரணத்துக்கு விடுவீங்க, எதுக்கு விட மாட்டீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. பெறகு சொல்லுதேன்."

"விதி இருக்கும்மா" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வரிசையில் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாமி சுரண்டுவதை நிறுத்தியிருந்தார்.

"கறிக்கடை மாசிலாமணி இன்னைக்கு வந்தானா?"

"வந்தார்."

"கல்லுல ஏறிச் சொன்னானா?"

"சொன்னார்."

"சாப்பிட்டானா?"

"ரசம் ரெண்டாந்தரமும் வாங்கினார்."

"அவளுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"அவளுக்கு நேர் பின்னால." சிவக்கொழுந்து தரையைப் பார்த்தார். "அது வழக்கம் சாமி. சும்மா சொல்றதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"பொய் சொல்லும்மான்னு அவகிட்டயும் சொல்லிப் பாத்தீரு. அவ மாட்டேன்னுட்டா. அந்தக் கோவத்துல நாலு பேர் முன்னால வயித்த விசாரிச்சீரு."

சிவக்கொழுந்து குனிந்து, கீழே சிந்தியிருந்த காந்தலைப் பொறுக்கினார்.

"பேர் என்ன அவளுக்கு?"

"தெரியாது. கேக்கல."

"காரணம் கேட்டீரு."

சிவக்கொழுந்தின் காது மடல் சிவந்தது. ஆனாலும் தாலுகா ஆபீஸ் அத்தனை சீக்கிரம் விடுமா. "நான் கொல்லா விரதத்தக் காப்பாத்தினேன் சாமி. அது தப்பா?"

"விரதம் நீர் இருந்தீரு. பட்டினி கெடக்கது அவ."

சாமி எழுந்து கையைக் கழுவினார். மீந்திருந்த சோற்றையும் குழம்பையும் ஒரு தூக்குச்சட்டியில் போட்டார். இலை ஒன்றைச் சுருட்டி அதன்மேல் வைத்தார்.

"போம்."

"பஸ் ஏறியிருந்தா?"

"அடுத்த பஸ்ஸுல ஏறும்."

அவள் ஏறியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் மாசிலாமணி வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். தூக்கைப் பார்த்ததும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன வே, மடமே பஸ் ஸ்டாண்டுக்கு எறங்கி வந்துட்டா? கல்ல மறந்துட்டு வந்துட்டீரே."

நாலைந்து பேர் திரும்பினார்கள். சிவக்கொழுந்து அவள் முன்னால் போய் நின்றார். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினோம், எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும்போதே நினைத்திருந்தார். கையைக் கூப்பிக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"தாயீ, நான் உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் மேலதான் தப்பு."

அவள் பதறிப்போனாள். "மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்காவ. மறுபடியுமா?"

அப்போதுதான் உறைத்தது. மன்னிப்பையும் அவர் தனக்காகத்தான் கேட்டிருக்கிறார். அதற்கும் அவள்தான் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். இலையை விரித்தார். தூக்கைச் சாய்க்கும்போது சோறு கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் அதைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"நான் அந்த வார்த்தையச் சொல்லணுமா இப்ப?"

"வேண்டாம். பேர் மட்டும் சொல்லு. இஷ்டம் இருந்தா."

"உலகம்மா."

"சாப்பிடு உலகம்மா."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

வாசலில் நிற்கிறவர் கடைசியில்தான் சாப்பிடுவது. அன்று அதுவும் இல்லை. "இன்னும் இல்ல."

அவள் இலையை நடுவில் கிழித்துப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மாசிலாமணி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான்.

பாதிச் சாப்பாட்டில் அவளாகவே பேசினாள்.

"கோவத்துல ஒண்ணும் கல்லுல ஏறாம இருக்கல சாமி. கொன்னதில்லன்னு நானே சொல்லிட்டா, அது இருந்ததே இல்லன்னு ஆயிரும்லா? இருந்துச்சே. எனக்குத் தெரியும்லா."

பிறகு காரணத்தைச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

அவள் சொல்ல ஆரம்பித்ததுமே சிவக்கொழுந்தின் மனசு, இதற்கு உள்ளே விட்டிருக்கலாம் என்றது. கொஞ்சம் போனதும், இல்லை, இதற்கு விட்டிருக்கக் கூடாது என்றது. மறுபடி, விடலாம் என்றது. தனக்குள்ளே ஒருவன் இன்னும் பேனாவைப் பிடித்தபடி மனு பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தபோது அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். அவள் முடிக்கும்வரை தலையைக்கூட அசைக்கவில்லை.

பஸ் வந்தது. அவள் கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மடத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சாமி அடுத்த நாளைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"நீர்?"

"பாதி."

சாமி முறத்தைத் தட்டினார். சிவக்கொழுந்து நின்றுகொண்டே இருந்தார்.

"சாமி, அவ செஞ்சது பாவமா, இல்லையா?"

"இல்லன்னு அவ சொன்னாளா?"

"சொல்லல."

"பெறகு அதச் சொல்ல நீர் வேற எதுக்கு?"

சிவக்கொழுந்து காலித் தூக்கைச் சுவரோரம் வைத்தார்.

"வாசலுக்கு வேற ஆளப் போடுங்க சாமி. எனக்கு அங்க நிக்கத் தகுதி இல்ல."

சாமி முறத்தைப் பார்த்தபடியே வேறொன்று கேட்டார்.

"காரணம் சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன காரணம்?"

சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கேக்கேன்லா. என்ன காரணம்?"

"அது அவ என்கிட்ட சொன்னது."

"குரு கேக்கேன் வே."

"சொல்ல மாட்டேன் சாமி."

சாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஆள் வேண்டாம்" என்றார். "நாளைக்கும் வாசல்ல நீரே நில்லும்."