வலைக்குள் பாம்பு

குளக்கரையில் பஞ்சி என்றொரு முயல் இருந்தது. அதன் மகள் குறுணி பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. ஆனால் ஈர மண்ணில் ஓர் எழுத்து எழுதச் சொன்னால் போதும், முன்னங்கால்களை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொள்ளும்.

பஞ்சிக்குக் கவலை. பக்கத்து மரத்து அணில் பிள்ளை 'ஔ' வரைக்கும் எழுதிவிட்டதாம்.

"வல்லாரை கொடு" என்றது நரி.

"என் இறகால் எழுதச் சொல், கையெழுத்து தானாக அழகாகிவிடும்" என்றது மயில்.

குறுணி வல்லாரையைத் தின்றது. இறகால் காது குடைந்தது. எழுதவில்லை.

கடைசியில் கொக்கு ஆசானிடம் விட்டார்கள். குறுணி பயந்து பயந்து ஒரு 'கூ' போட்டது. "கோணல்" என்று கொக்கு காலால் அழித்தது. இன்னொன்று போட்டது. "சுழி சின்னது." அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் குறுணி போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டது.

"உன் பிள்ளைக்கு அக்கறை இல்லை" என்றது கொக்கு. பஞ்சியும் தலையாட்டி, வீட்டுக்கு வந்து மகளைத் திட்டியது.

ஒரு நாள் பஞ்சி புல் தேடி அக்கரைக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு மலைப்பாம்பு வளைக்குள் புகுந்தது. வெளியே தம்பிகளோடு விளையாடிக்கொண்டிருந்த குறுணி பார்த்துவிட்டது. கத்தினால் பாம்பு திரும்பி வந்துவிடும். அம்மாவோ நேரே உள்ளேதான் போவாள். குறுணி வாசல் மண்ணில் நகத்தால் அவசரமாக எழுதிவிட்டு, தம்பிகளை இழுத்துக்கொண்டு புதருக்கு ஓடியது.

பஞ்சி திரும்பியபோது வாசலில் கொக்கு நின்றிருந்தது.

"உன் மகள் எழுதிய லட்சணத்தைப் பார். 'வலைக்குள் பாம்பு'. வலை என்றால் மீன் பிடிப்பது. நீ குடியிருப்பது வளை."

அழிப்பதற்குக் காலைத் தூக்கியது.

பஞ்சி ஓரடி பின்வாங்கியது. "ஆசானே, பாம்பு?"

"பாம்பில் பிழையில்லை. புள்ளிகூடச் சரியாக வைத்திருக்கிறாள்."

பஞ்சி ஒரே பாய்ச்சலில் புதரை அடைந்தது. கொக்கு 'ளை' போட்டு முடிப்பதற்குள் பாம்பு தலையை நீட்டியது. வாலிறகு இரண்டைப் பறிகொடுத்துவிட்டு ஆசான் பறந்தார்.

"தப்பா எழுதிட்டேனாம்மா?" என்று கேட்டது குறுணி.

"படிச்சுட்டுத்தானே இங்க ஓடி வந்தேன்" என்று பஞ்சி அதை அணைத்துக்கொண்டது.

புது வளைக்குக் குடிபோன மறுநாள், வாசலில் இப்படி எழுதியிருந்தது: 'நாலைக்கு என்ன சாப்பாடு?'

பஞ்சி 'லை'யைப் பார்த்தது. கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, கீழே 'முள்ளங்கி இலை' என்று எழுதியது.

குறுணி ஓடி வந்து படித்துவிட்டு, அதற்கும் கீழே பெரிதாக எழுதியது: 'வேண்டாம்.'

குழந்தை எழுத வேண்டுமென்றால், அதன் பிழையைத் தேடுவதற்கு முன் அது சொல்ல வந்ததைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.