மேளத்துக்கு எத்தனை மணி

"எக்ஸுக்கு என்ன டீச்சர் போடட்டும்?" என்று கேட்டார் நம்பிராஜன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆவுடை டீச்சர் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளை நிறுத்தினார். மீசை நரைத்த நம்பிராஜன் அவரிடம்தான் அல்ஜீப்ரா படிக்கிறார். டீச்சரைவிட மூத்த மாணவர்.

"கணக்கைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"தங்கச்சி உலகம்மா இன்னைக்கு பஸ்ல வாரா. நாங்க பேசி வருஷக்கணக்காச்சு. மேளம் வச்சுக் கூப்பிடணும்னு ஆசை."

"நல்ல ஆசை."

"மேளம் வந்து இறங்க மூவாயிரம். வாசிக்கிற ஒவ்வொரு மணிக்கும் எழுநூறு. அவ எந்த பஸ்ல வருவாளோ. வாரேன்னுகூடச் சொல்லல, பார்ப்போம்னுதான் ஆள்கிட்ட சொல்லி அனுப்பினா. அதனால அவ காலு தரையில பட்ட பிறகு வாசிச்சாப் போதும்னுட்டேன்."

புளியமரத்தடியில் தவில்காரரும் நாயனக்காரரும் உட்கார்ந்திருக்க, தவில் உறைக்குள் கிடந்தது. வந்த பஸ்ஸெல்லாம் வேறு யாரையோ இறக்கிவிட்டுப் போயின.

டீச்சர் ஒரு குச்சியால் மண்ணில் எழுதினார்.

3000 + 700x

"பூஜ்யம் போடுங்க."

"எழுநூறு போயிரும். மூவாயிரம்."

"அந்த மூவாயிரத்துக்கு இதுவரை என்ன கேட்டீங்க?"

நம்பிராஜன் மரத்தடியைப் பார்த்தார். தவில்காரர் டீயைச் சத்தமாக உறிஞ்சினார்.

"இதைத்தான்."

"வேணும்னா இன்னும் சத்தமாக் குடிக்கச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார் நாயனக்காரர்.

"ஒண்ணு போடுங்க" என்றார் டீச்சர்.

"மூவாயிரத்து எழுநூறு. ஆனா அவ வரலைன்னா? ஊரே சிரிக்குமே டீச்சர்."

டீச்சர் குச்சியை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல தங்கச்சி எங்க இருக்காங்க? தொட்டுக் காட்டுங்க."

நம்பிராஜன் குனிந்தார். மூவாயிரத்தைத் தொட்டார். அது வந்து இறங்கிய கூலி. எழுநூறு, மணிக் கூலி. எக்ஸ், வாசிக்கிற நேரம். கூட்டல் குறியின் மேல் குச்சி வெகுநேரம் நின்றது.

"இல்லையே டீச்சர்."

டீச்சர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கச்சேரி கேட்க வந்தவர்போல் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நம்பிராஜனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உறையைக் கழட்டும்வே."

முதல் அடியிலேயே மரத்துக் காக்கைகள் கிளம்பின. டீக்கடையில் தூக்கிய தம்ளர்கள் அப்படியே நின்றன. யாரோ விசிலடித்தார்கள். நம்பிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி ஆடினார். அவர் காலடியில் கணக்கு அழிந்துபோனது.

நேரம் போனதையும் பஸ் வந்து நின்றதையும் அவர் பார்க்கவில்லை.

"ஏண்ணே, யாருக்குக் கல்யாணம்?"

திரும்பினார். இரண்டு கையிலும் பையோடு உலகம்மாள் நின்றாள்.

தவில்காரர் கையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"ஒரு மணி நேரம் ஆச்சு அண்ணாச்சி. நிறுத்தவா?"

"எக்ஸைக் கூட்டும்வே" என்றார் நம்பிராஜன்.